எரிப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்: தண்ணீர்த்தாங்கிப் போர்டு ஒன்றின் செய்நிரலைச் சோதிக்கும் வழி

கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துத் தொடர்மாடிகளில் கீழே ஒரு நிலத்தாங்கி, மொட்டைமாடியில் ஒரு மேல்தாங்கி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மோட்டர் இருக்கும். அந்த மோட்டரை ஓட்டி நிறுத்த ஒரு சின்னப் போர்டு போதும். ஏடிமெகா328பி சிப் (ஏவிஆர் குடும்பத்து 8 பிட் நுண்கட்டுப்படுத்தி), 16 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு, ரிலே, மிதவை சுவிட்ச், நீரோட்ட சென்சர் எல்லாவற்றையும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். ஈயம் வைத்து முடிக்க ஒரு நாள் போகும். உள்ளே போகும் செய்நிரல் மாதக்கணக்கில் பிசகாமல் ஓடும் என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் நீளமான வேலை.

எழுதுவது, எரிப்பது (சிப்புக்குள் ஏற்றுவது), எல்ஈடி மினுங்குகிறதா என்று பார்ப்பது, மினுங்காவிட்டால் எதையோ மாற்றி மறுபடி எரிப்பது: பலருடைய வேலைமுறை இதுதான். எல்ஈடிக்கு இது போதும். ஆனால் 66ஆவது துடிப்பில் மட்டும் தவறும் கணக்கையோ, 49ஆம் நாளில் மட்டும் தவறும் நேரத்தையோ இப்படிப் பிடிக்க முடியாது. கருவிகள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்தக் கருவிக்கு எந்த வகைப் பிழை தெரியும், எது தெரியாது என்பதை அறிந்து அந்த ஒழுங்கில் பயன்படுத்தினால், போர்டில் தேட வேண்டிய பிழைகள் மிகக் குறைவாகவே மிஞ்சும். கீழே எல்லாவற்றுக்கும் இந்தத் தாங்கிப் போர்டையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

உபுண்டுவில் தேவையானவை இவ்வளவுதான்: ஏவிஆருக்கான ஜிசிசி கொம்பைலர், ஏவிஆர் லிப்சி நூலகம், பின்யூட்டில்ஸ், எரிப்பதற்கு ஏவிஆர்டியூட், செய்நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஏவிஆருக்கான ஜிடிபி, சிப்பைப் போலவே கணினியில் ஓட்டிக்காட்டும் சிம்ஏவிஆர் சிமியூலேட்டர், அலைவடிவம் பார்க்க ஜிடிகேவேவ், பின்களின் நிலைமாற்றங்களைப் பதியும் லொஜிக் அனலைசருக்குப் பல்ஸ்வியூ. எல்லாமே உபுண்டுவின் களஞ்சியத்தில் உண்டு. பழைய மடிக்கணினியிலும் இலகுவாக ஓடும். அர்டுயினோ மென்பொருளுக்குள்ளும் இதே ஜிசிசிதான் இருக்கிறது. ஆனால் அங்கே கொம்பைலரின் எச்சரிக்கைகள் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விருப்பத்தேர்வுகளில் போய் எல்லா எச்சரிக்கையையும் காட்டச் சொல்லுங்கள்.

எச்சரிக்கையை முதல் சோதனைக் கருவி என்றே எண்ண வேண்டும். மோட்டர் தண்ணீரில்லாமல் ஓடினால் 90 செக்கனில் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடந்த நேரத்தை மில்லிசெக்கனில் 16 பிட் மாறியொன்றில் வைத்து, அது 90000ஐத் தாண்டியதா என்று ஒப்பிடுகிறீர்கள். 16 பிட்டில் அடங்கும் ஆகப்பெரிய எண் 65535. ஆகவே அந்த நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது. கொம்பைலர் அந்த வரியையே தூக்கி எறிந்துவிடும். தண்ணீர் இல்லாத நிலத்தாங்கியில் மோட்டர் சூடேறிக் கருகும் வரை ஓடும். 'டபிள்யூ-ஆல்' தெரிவு மட்டும் போட்டிருந்தால் ஜிசிசி இதற்கு வாய் திறக்காது. 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' போட்டால் "இந்த ஒப்பீடு எப்போதும் பொய்" என்று வரி இலக்கத்தோடு சொல்லிவிடும். இரண்டையும் எப்போதும் போடுங்கள். ஒரு எச்சரிக்கைகூட மிஞ்சாத நிலைக்கு வந்தபிறகே அடுத்த படிக்குப் போங்கள். பத்துப் பழைய எச்சரிக்கைகளுக்கு நடுவில் வரும் புதியதொன்று கண்ணில் படாது.

உகப்பாக்கத்தைப் (கொம்பைலர் கட்டளைகளைச் சுருக்கி வேகமாக்குவது) பற்றியும் ஒரு சொல். பிழை தேடும்போது உகப்பாக்கத்தை முழுதாக அணைத்துவிடும் பழக்கம் கணினிச் செய்நிரலில் சரி. ஏவிஆரில் அணைத்தால் லிப்சியின் தாமதச் செயற்கூறுகள் தப்பான நேரம் தரும், ஏனென்றால் அவற்றின் கணக்கு கொம்பைல் நேரத்திலேயே சுருங்கிவிடும் என்று நம்பி எழுதப்பட்டவை. பிழை தேட 'ஓ-ஜி', இறுதிக்கு 'ஓ-எஸ்' என்று வைத்துக்கொள்வது நல்லது.

கொம்பைல் ஆனதும் எரிக்க ஓடாதீர்கள். கொம்பைலர் தரும் ஈஎல்எஃப் கோப்பை ஏவிஆர்-சைஸ் கட்டளையால் பாருங்கள். டெக்ஸ்ட் (கட்டளைகள்), டேட்டா (தொடக்கப் பெறுமதியுள்ள மாறிகள்), பிஎஸ்எஸ் (பூச்சியத்தில் தொடங்கும் மாறிகள்) என்று மூன்று எண்கள் வரும். டெக்ஸ்டும் டேட்டாவும் சேர்ந்து, செய்நிரல் தங்கும் நினைவகமான பிளாஷில் இடம் பிடிக்கும். 328பியில் அது 32768 பைட். அர்டுயினோ யூனோ போர்டின் பூட்லோடர் (எரிப்பான் இல்லாமல் செய்நிரலை ஏற்றவிடும் சிறு செய்நிரல்) 512 பைட்டை எடுத்துக்கொள்வதால் அங்கே 32256தான். டேட்டாவும் பிஎஸ்எஸும் சேர்ந்து, ஓடும்போது மாறிகள் இருக்கும் ராமில் இடம் பிடிக்கும். அது வெறும் 2048 பைட். இந்த எண்ணில் ஸ்டாக் (செயற்கூறு அழைப்புகளின் தற்காலிகக் குறிப்புகள் அடுக்கப்படும் இடம்) சேர்க்கப்படவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1900 பைட் என்று காட்டினால் "இன்னும் 148 இருக்கிறதே" என்று திருப்திப்பட இடமில்லை. செயற்கூறு அழைப்புகளும் இன்டரப்டுகளும் (ஓடும் வேலையை இடைநிறுத்தி உடனே ஓடும் துண்டுகள்) அந்த 148க்குள்தான் வாழ வேண்டும். நிரம்பினால் ஸ்டாக் கீழிறங்கி உங்கள் மாறிகளின்மேல் எழுதும். எந்தச் செய்தியும் வராது. மிதவை சுவிட்சின் நிலை காரணமில்லாமல் மாறியது போலத் தெரியும்.

ராமை விழுங்குவது பெரும்பாலும் அச்சிடும் வாசகங்கள். மேற்கோளுக்குள் எழுதும் ஒவ்வொரு எழுத்தும் தொடக்கத்தில் பிளாஷிலிருந்து ராமுக்குப் பிரதியாகிறது. புரோக்மெம் குறிப்புப் போட்டுப் பிளாஷிலேயே வைத்து வாசித்தால் அந்த இடம் மிச்சம். ஸ்டாக் உண்மையில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கப் பழையதொரு வழி இருக்கிறது: தொடக்கத்திலேயே வெற்று ராம் முழுவதையும் ஒரே குறியால், உதாரணத்துக்குப் பதினறும (16ஐ அடியாகக் கொண்ட) சி5 என்ற பெறுமதியால், நிரப்பிவிடுங்கள். எல்லா வேலையையும் செய்யவிட்டபின் அந்தக் குறி அழியாமல் எத்தனை பைட் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுங்கள். நூறுக்குக் கீழே வந்தால் வாசகங்களைப் பிளாஷுக்கு நகர்த்தத் தொடங்குங்கள்.

கணினியிலேயே ஓட்டக்கூடிய பாதி

தாங்கிச் செய்நிரலில் முக்கால்வாசி, பின்களைத் தொடாத வெறும் தீர்மானங்கள். கீழ்த்தாங்கியில் தண்ணீர் உண்டா, மேல்தாங்கி நிரம்பியதா, எத்தனை செக்கன் ஓடியது, எத்தனை மில்லிலீற்றர் போனது, ஆகவே மோட்டர் ஓட வேண்டுமா? இந்தப் பகுதியைத் தனிக் கோப்பில், பதிவகப் பெயர் (பின்களையும் சிப்பின் உறுப்புகளையும் இயக்கும் நினைவிடங்களின் பெயர்) ஒன்றுகூட இல்லாமல், உள்ளீடுகளை வாங்கித் தீர்மானத்தைத் திருப்பித் தரும் செயற்கூறாக எழுதுங்கள். அப்போது அதே கோப்பைக் கணினியின் சாதாரண ஜிசிசியில் கொம்பைல் செய்து, ஆயிரக்கணக்கான சூழ்நிலைகளை ஒரு செக்கனுக்குள் கொடுத்துப் பார்க்கலாம்.

நேரத்தையும் வெளியிலிருந்து உள்ளீடாகவே கொடுங்கள். 32 பிட் மில்லிசெக்கன் எண்ணி 49.7 நாளில் பூச்சியத்துக்குத் திரும்பும். போர்டில் இதைப் பார்க்க ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். கணினியில் எண்ணியை 4294960000இலிருந்து தொடங்கிவிட்டால் ஏழு செக்கனில் திரும்பிவிடும். "முடிய வேண்டிய நேரத்தை இப்போதைய நேரம் தாண்டியதா" என்று ஒப்பிட்டு எழுதியிருந்தால் அந்த இடத்தில் மோட்டர் உடனே நின்றுவிடும், அல்லது நிற்கவே நிற்காது. "இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால் வருவது 90000க்கு மேலா" என்று எழுதினால் குறியில்லா எண்ணின் கழித்தல் தானாகவே சரியான விடை தரும்.

ஆனால் கணினியில் பச்சை காட்டிய சோதனை சிப்பிலும் பச்சை காட்டும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதை வையுங்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வைஎஃப்-எஸ்201 நீரோட்ட சென்சர் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 450 துடிப்புத் தரும். துடிப்பு எண்ணிக்கையை 1000ஆல் பெருக்கி 450ஆல் வகுத்தால் மில்லிலீற்றர். எண்ணிக்கை 16 பிட் குறியில்லா மாறி. 100 துடிப்புக்குக் கணினி 222 என்று சொல்லும், சரியான விடை. அதே வரி ஏவிஆரில் 76 என்று சொல்லும். ஏவிஆரில் இன்ட் (சி மொழியின் இயல்பான முழு எண் வகை) என்பது 16 பிட். ஒரு இலட்சம் அதற்குள் அடங்காமல் 65536ஐக் கழித்த மிச்சமான 34464 ஆகி, அதை 450ஆல் வகுத்தால் 76. கணினியில் இன்ட் 32 பிட்டாக இருப்பதால் பெருக்கல் அங்கே வழியாது. மாறியின் அளவை 16 பிட் என்று நீங்கள் வெளிப்படையாகவே குறிப்பிட்டிருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் கணினியில் பெருக்கும் முன் அது 32 பிட் இன்டாக உயர்த்தப்படுகிறது.

65 துடிப்பு வரை ஏவிஆரும் சரியாகவே சொல்லும்: 144 மில்லிலீற்றர். 66ஆவது துடிப்பில் விடை 1. வாயால் ஊதி நாலைந்து துடிப்புக் கொடுத்துப் பார்த்து "சென்சர் வேலை செய்கிறது" என்று மூடிவைத்த போர்டு, மாடியில் ஏறியதும் தண்ணீர் வரவில்லை என்று நினைத்து மோட்டரை நிறுத்தும். எச்சரிக்கைத் தெரிவுகள் எதுவும் இதைக் காட்டாது. பெருக்கும் முன் துடிப்பு எண்ணிக்கையை 32 பிட்டுக்கு மாற்றிவிடுவதுதான் தீர்வு. தசம எண்களுக்கான டபுள் வகையிலும் இதே கவனம் வேண்டும். ஏவிஆர்-ஜிசிசியில் இயல்பாக அது 32 பிட்தான், கணினியில் 64.

ஆகவே அதே சோதனைக் கோப்பை ஏவிஆருக்கும் கொம்பைல் செய்து சிமியூலேட்டரில் ஒருமுறை ஓட்டுங்கள். கணினி விடையும் சிமியூலேட்டர் விடையும் வேறுபடும் ஒவ்வொரு வரியும் ஒரு பிழை.

சிமியூலேட்டருக்குள்

சிம்ஏவிஆருக்கு ஈஎல்எஃப் கோப்பையும், சிப்பின் பெயரையும், மீடிறனையும் கொடுத்தால் ஓடத் தொடங்கும். 'ஜி' தெரிவைச் சேர்த்தால் முதல் கட்டளைக்கு முன்பே நின்று, கணினியின் 1234ஆம் வலையமைப்புப் போர்ட்டில் ஜிடிபிக்காகக் காத்திருக்கும். மற்றொரு சாளரத்தில் ஏவிஆர்-ஜிடிபியில் அதே ஈஎல்எஃப் கோப்பைத் திறந்து அந்தப் போர்ட்டோடு இணையுங்கள். இனி எந்த வரியிலும் நிறுத்தலாம், ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தலாம், மாறியின் பெறுமதியை மாற்றலாம்.

புதியவர்கள் தடுமாறும் இடம் முகவரிகள். ஏவிஆரில் பிளாஷும் ராமும் தனித்தனி வெளிகள். இரண்டின் முகவரி எண்களும் பூச்சியத்தில் தொடங்கும். கருவிகள் குழம்பாமலிருக்க ராம் முகவரிகளோடு பதினறும 800000ஐக் கூட்டி வைத்திருக்கிறார்கள். 328பியில் மாறிகளுக்கான ராம் அந்த வெளியில் பதினறும 100இல் தொடங்குவதால் ஜிடிபியில் அதைப் பார்க்க 800100 என்று கேட்க வேண்டும். வெறும் 100 என்று கேட்டால் பிளாஷில் உள்ள கட்டளைகளைத் தூக்கிக் காட்டும், நீங்கள் அதை மாறியென்று நினைத்துக் குழம்புவீர்கள்.

சிமியூலேட்டரின் மதிப்பு இன்டரப்டுப் பிழைகளில்தான் முழுதாகத் தெரியும். துடிப்பு எண்ணியை இன்டரப்டு கூட்டுகிறது, பிரதான சுற்று வாசிக்கிறது. 8 பிட் செயலி 16 பிட் மாறியை ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. ஏவிஆர்-ஒப்ஜ்டம்ப் கட்டளையால் பிரித்துப் பார்த்தால் கீழ் பைட்டுக்கு ஒன்று, மேல் பைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஏற்றும் கட்டளைகள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். எண்ணிக்கை 255ஆக இருக்கும்போது கீழ் பைட்டை வாசித்தாயிற்று, அதில் 255. அந்தக் கணத்தில் இன்டரப்டு வந்து எண்ணிக்கையை 256 ஆக்குகிறது. திரும்பி வந்து மேல் பைட்டை வாசித்தால் 1. சேர்த்தால் 511. இரண்டு கட்டளைக்கு இடையில், 256 துடிப்புக்கு ஒரு முறை மட்டும் திறக்கும் இந்த வாசலை போர்டில் நின்று எதிர்பார்ப்பது வீண் வேலை. சிமியூலேட்டரில் இரண்டாவது ஏற்றும் கட்டளையின் முகவரியில் நிறுத்துங்கள், எண்ணியைக் கையால் 256 ஆக்குங்கள், ஓடவிடுங்கள். 511 கண்முன்னே வரும். லிப்சியின் அட்டொமிக் தொகுதிக்குள் அந்த வாசிப்பை வைத்தால் இன்டரப்டு சில சக்கரங்களுக்கு மட்டும் காத்திருக்கும்; பிழை போய்விடும்.

வொலட்டைல் குறிப்பு (ஒவ்வொரு தடவையும் ராமிலிருந்தே வாசி என்று கொம்பைலருக்குச் சொல்வது) மறந்த மாறியையும் ஒப்ஜ்டம்பே காட்டிக்கொடுக்கும். இன்டரப்டு உயர்த்தும் கொடியொன்றுக்காகச் சுற்றிக் காத்திருக்கும் வரி, உகப்பாக்கத்துக்குப்பின் மாறியைச் சுற்றுக்கு வெளியே ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டு, தன்னிடமே தாவிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கட்டளையாக நிற்கும். "உகப்பாக்கம் போட்டால் தொங்குகிறது, எடுத்தால் ஓடுகிறது" என்று கொம்பைலரில் பழி போடப்படும் பிழைகளில் பெரும்பகுதி இதுதான்.

ஒரு பின்னின் நிலைமாற்றங்களை வீசிடி கோப்பாக எழுதவைத்து ஜிடிகேவேவில் திறந்தால் ரிலே எப்போது ஏறியது, எத்தனை மைக்ரோசெக்கன் கழித்து எது மாறியது என்று அளந்து பார்க்கலாம். இவ்வளவும் ஒரு சிப்புக்கூட வாங்காமல்.

பல்கலைக்கழகச் செயல்முறை வகுப்புக்காக 8085 நுண்செயலி படிப்பவர்களுக்கும் இதே வழிதான். இன்டெல் 1976இல் வெளியிட்ட அந்தச் சிப்புக்கு க்னூசிம்8085 என்ற சிமியூலேட்டர் உண்டு. அசெம்பிளரும் அதனுள்ளேயே இருக்கிறது. பயிற்சிக் கிட்டில் பதினறுமக் குறியை ஒவ்வொன்றாகத் தட்டும் முன் அதில் ஓட்டி, கொடிகள் எங்கே மாறுகின்றன என்று பார்த்துவிட்டுப் போனால் கிட்டுக்கு முன் நிற்கும் நேரம் பாதியாகும். சிப்பைத் தொடாமல் செய்நிரலை ஓட்டும் எண்ணம் நுண்செயலியோடு பிறந்தது. 1970களின் தொடக்கத்திலேயே கணினியியலாளர் கேரி கில்டால் இன்டெலின் 8008 நுண்செயலிக்கு ஒரு சிமியூலேட்டர் எழுதினார். அது ஓடியது பெரிய கணினியில்.

சிமியூலேட்டருக்குத் தெரியாதவை எவை? பியூஸ் பிட்டுகள் (எந்தக் கடிகாரத்தில் ஓடுவது போன்ற சிப்பின் அடிப்படை அமைப்புகள்) தெரியாது; நீங்கள் சொன்ன மீடிறனை அப்படியே நம்பும். மின்வழங்கல் தொய்வது தெரியாது. தண்ணீர் அலையில் மிதவை தத்தளிப்பது தெரியாது. சாதாரண பொத்தானுக்கு 20 மில்லிசெக்கன் வடிகட்டினால் போதும். மேலிருந்து தண்ணீர் கொட்டும் தாங்கியில் மிதவை செக்கன் கணக்கில் ஏறி இறங்கும். மூன்று முதல் ஐந்து செக்கன் தொடர்ந்து ஒரே நிலையில் நின்றால் மட்டும் நம்புங்கள், இல்லாவிட்டால் ரிலே தந்தியடிக்கும்.

எரிக்கும்போது

28 கால் சிப்பில் எரிப்பானோடு இணையும் கால்கள்: மோசி 17, மிசோ 18, எஸ்சிகே 19, ரீசெட் 1. மின் 7இலும் 20இலும், தரை 8இலும் 22இலும். 20ஆம் காலை, அனலொக் எதுவும் வாசிக்காவிட்டாலும், இணைத்தே ஆக வேண்டும். மின்காலுக்கு ஒட்டினாற்போல் 100 நானோபரட் கொள்ளளவி, ரீசெட்டுக்கு 10 கிலோஓம் மேலிழுப்பு, பளிங்கின் இரு பக்கமும் 22 பிக்கோபரட்.

கடையிலிருந்து வரும் புதுச் சிப் உள்ளிருக்கும் 8 மெகாஹேர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹேர்ட்ஸில் ஓடும். எரிக்கும் கடிகாரம் அதன் காற்பங்கைத் தாண்டக்கூடாது, அதாவது 250 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழ். யூஎஸ்பி-ஏஎஸ்பி எரிப்பான் அதைவிட வேகமாகப் பேசினால் "தொடக்கம் தோல்வி" என்ற செய்தி வரும், சிப் செத்துவிட்டது என்று நினைத்து மற்றொன்று வாங்கப் போவார்கள். ஏவிஆர்டியூடில் பெரிய 'பி' (B) தெரிவோடு 10 என்று கொடுங்கள். ஏறத்தாழ 100 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்கும். மலிவு எரிப்பான்களில் உள்ள பழைய நிலைபொருள் இதை ஏற்காமல் ஒரு எச்சரிக்கை தரும். அப்போது போர்டில் இருக்கும் மெதுவேக ஜம்பரின் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் சரி.

முதலில் எதையும் எழுதாமல் கையொப்பத்தை மட்டும் வாசியுங்கள். 328பி என்றால் 1ஈ 95 0எஃப். கடைசி பைட் 14 என்று வந்தால் உங்களிடம் இருப்பது 'பி' இல்லாத 328; சிப்பின் பெயரை மாற்றிக் கொடுத்தால் போதும். எல்லாம் பூச்சியமாக வந்தால் வயரையும் கடிகாரத்தையும் பாருங்கள்.

பியூஸில் அவசரம் வேண்டாம். புதுச் சிப்பின் கீழ் பியூஸ் பதினறும 62. வெளிப் பளிங்குக்கு எஃப்எஃப் எழுத வேண்டும். தவறி ஈ0 எழுதினால் சிப் பளிங்கை விட்டுவிட்டு வெளியிலிருந்து வரும் சதுர அலைக்காகக் காத்திருக்கும், எரிப்பானுக்குப் பதில் சொல்லாது. மற்றொரு போர்டிலிருந்து ஒரு மெகாஹேர்ட்ஸ் சதுர அலையை 9ஆம் காலுக்குக் கொடுத்து எழுப்பித் திருத்திவிடலாம். ரீசெட்டை முடக்கும் பியூஸை எழுதிவிட்டால் 12 வோல்ற்று உயர்மின் எரிப்பான் இல்லாமல் மீட்சி இல்லை.

16 மெகாஹேர்ட்ஸ் என்று சொல்லிக் கொம்பைல் செய்துவிட்டுப் பியூஸை மாற்ற மறந்தால், செக்கனுக்கு ஒருமுறை மினுங்க வேண்டிய எல்ஈடி 16 செக்கனுக்கு ஒருமுறை மினுங்கும். தொடர்முனையில் (சிப் அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் சாளரம்) வரும் எழுத்துகள் குப்பையாக இருந்தாலும் முதல் சந்தேகம் இங்கேதான். 16 மெகாஹேர்ட்ஸில் 9600 போட் வேகத்துக்குப் பிழை 0.2 சதவீதம். 115200க்கு இரட்டை வேகம் போடாவிட்டால் 3.5 சதவீதம், சில யூஎஸ்பி மாற்றிகளோடு பேசும், சிலவற்றோடு பேசாது. தாங்கிப் போர்டுக்கு 9600 தாராளம்.

போர்டில் மிஞ்சுபவை

எதையும் இணைக்கும் முன் ஒன்று. மின்மாற்றி இல்லாமல் கொள்ளளவி மூலம் 230 வோல்ற்றை இறக்கும் வழங்கலில் போர்டு ஓடினால், எரிப்பானையோ யூஎஸ்பி வயரையோ கிட்டே கொண்டுபோகாதீர்கள். போர்டின் தரையே உயிருள்ள கம்பியோடு இணைந்திருக்கும். மடிக்கணினியும் போகும், தொட்டவர் உயிரும் போகும். சோதனைக்கு எப்போதும் தனிமைப்படுத்திய 5 வோல்ற்று வழங்கல்.

24 மெகாஹேர்ட்ஸ், 8 வழி என்று விற்கும் மலிவான லொஜிக் அனலைசர் பல்ஸ்வியூவோடு நன்றாக ஒத்துழைக்கும். விண்டோஸில் சாடிக் மூலம் டிரைவர் மாற்ற வேண்டும், லினக்ஸில் வேண்டியதில்லை. தரையை முதலில் இணையுங்கள். 9600 போட்டைப் பார்க்க ஒரு மெகாஹேர்ட்ஸ் மாதிரி எடுப்புப் போதும். பல்ஸ்வியூ எழுத்துகளாகவே பிரித்துக் காட்டும். இன்டரப்டு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க, நுழையும்போது ஒரு பின்னை உயர்த்தி வெளியேறும்போது தாழ்த்துங்கள். அந்த உயர்த்தலுக்கு இரண்டு சக்கரம், 125 நானோசெக்கன் மட்டுமே. அச்சிட்டு அளக்கக்கூடாது: 9600இல் ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிசெக்கனுக்கு மேல், 40 எழுத்து வரிக்கு 42 மில்லிசெக்கன். இன்டரப்டுக்குள் அச்சிட்டால் அந்த இடைவெளியில் சென்சரின் துடிப்புகள் தவறும்.

மோட்டரின் கொன்டாக்டர் (மோட்டருக்கான பெரிய ரிலே) விழும்போது போர்டு தானாக ரீசெட் ஆவது இந்த வகைப் போர்டுகளின் பொதுநோய். செய்நிரலில் தேடுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்: எம்சியூஎஸ்ஆர் பதிவகத்தில் மின் வந்ததாலா, ரீசெட் காலாலா, மின்தொய்வாலா, வொட்ச்டோக்காலா (செய்நிரல் தொங்கினால் ரீசெட் செய்யும் காவல் கடிகாரம்) என்று நான்கு பிட்டுகள் சொல்லும். அதைத் தொடக்கத்திலேயே வாசித்துவிட்டு அழியுங்கள். அர்டுயினோ யூனோவின் பூட்லோடர் அதை முன்னதாகவே அழித்துவிடுவதால் பூச்சியமே கிடைக்கும். பூட்லோடர் இல்லாமல் நேரடியாக எரித்த சிப்பில் சரியாக வரும். மின்தொய்வு என்றால் வழங்கலைப் பாருங்கள், தொய்வு எல்லைப் பியூஸை 4.3 வோல்ற்றுக்கு வையுங்கள். ரீசெட் கால் என்றால் கொன்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே 100 ஓம் தடையியும் எக்ஸ்2 தரத்து 100 நானோபரட் கொள்ளளவியும் தொடராகப் போடுங்கள். வொட்ச்டோக் என்றால் மட்டும் செய்நிரலுக்குத் திரும்புங்கள். அந்த ரீசெட்டுக்குப்பின் வொட்ச்டோக் ஆகக்குறைந்த நேரத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வேலையாக அணைக்காவிட்டால் போர்டு சுழற்சியாக ரீசெட் ஆகிக்கொண்டே கிடக்கும்.

32 பிட் சிப்பான எஸ்டிஎம்32எஃப்103 போர்டுக்கு மாறுபவர்களுக்கு நிலைமை இன்னும் வசதி. எஸ்டி-லிங்க் எரிப்பானும் அதை ஜிடிபியோடு இணைக்கும் ஓபன்ஓசிடி மென்பொருளும் இருந்தால், ஓடும் சிப்புக்குள்ளேயே 3333ஆம் போர்ட் வழியாக ஜிடிபி நுழையும். ஆறு இடத்தில் நிறுத்தலாம். ஓபன்ஓசிடி எதிர்பாராத அடையாள எண் என்று முறையிட்டு, அந்த எண் 1க்குப் பதிலாக 2இல் தொடங்கினால், உங்கள் போர்டில் இருப்பது போலிச் சிப். அமைப்புக் கோப்பில் அந்த எண்ணை மாற்றினால் பெரும்பாலும் ஓடும்.

மாடியில் பூட்டிய போர்டுக்கு ஜிடிபி இல்லை. ரீசெட் காரணத்தையும் கடைசித் தீர்மானத்தையும் ஈஈப்ரொமில் (மின் போனாலும் அழியாத சிறு நினைவகம்) எழுதி வைப்பதே அங்கே நமக்குள்ள ஒரே சாட்சி. ஒரு இடத்தில் ஒரு இலட்சம் தடவை எழுதலாம் என்பது உத்தரவாதம். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால் 69 நாளில் அந்த எல்லை வந்துவிடும். ரீசெட்டிலும் மோட்டர் நிலை மாறும்போதும் மட்டும், 64 இடங்களில் சுழற்றி எழுதுங்கள். மறுபடி எரிக்கும்போது சிப் முழுதாக அழிக்கப்படுவதால் இந்தக் குறிப்புகளும் சேர்ந்தே போய்விடும். மேல் பியூஸை டி9இலிருந்து டி1க்கு மாற்றினால் ஈஈப்ரொம் தப்பும். மாற்றாத போர்டு கைக்குத் திரும்பி வந்தால், புதுச் செய்நிரலை ஏற்றும் முன் ஏவிஆர்டியூடால் ஈஈப்ரொமை ஒரு கோப்பில் வாசித்து வைத்துவிடுங்கள்.